முன்னெடுத்த பற்களும் மருத்துவர் கண்ட வழிகளும்

மேல்வாய் முன்பற்கள் கீழ்வாய்ப் பற்களைக் கடந்து நிற்றலைப் பொதுமக்கள் ஒரே குறையாகக் கொள்வர். பல் மருத்துவ நூலாரோ இதனை இரண்டாகப் பிரிப்பர். மேற்பல் கீழ்ப்பல்லை மேலிருந்து மிகுதியாக மூடுதல் ஒன்று. கிடையாக முன்னே நீண்டு நிற்றல் மற்றொன்று. இவை பல வேளைகளில் ஒருங்கே காணப்படும். பல் முன்னே வந்ததோ, கீழ்த்தாடை பின்னே நின்றுவிட்டதோ என்னும் வினாவே இம்மருத்துவத்தின் வரலாற்றைப் பெரிதும் இயக்கியது எனலாம்.

கோணிய பல்லை விரலால் நாடோறும் தள்ளுமாறு உரோமாபுரியின் செல்சசு என்பார் கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1728 இல் பிரான்சு தேசத்துப் பியர் போசார் பல்வரிசையை விரித்தற்கு உலோகப் பட்டையொன்றை விவரித்தார். ஆயினும் தாடையைப் பற்றிய சிந்தனை பின்னரே எழுந்தது. 1880 இல் நூலொன்று வெளியிட்ட அமெரிக்கரான நோர்மன் கிங்ஸ்லி, மேல்வாயில் சாய்தளமுடைய தகடொன்றைப் பொருத்திக் கீழ்த்தாடை முன்னே வந்து கடிக்கும்படி செய்தார். அவர் மருத்துவர் மட்டுமல்லர், சிற்பியுமாவர். முகத்தின் வடிவில் அவர் கருத்துச் சென்றது வியப்பன்று.

எட்வேட் ஆங்கிள் 1899 இல் பற்கடிப்பின் பிறழ்வுகளை மூன்று வகுப்பாக்கினார். கீழ்ப்பல்வரிசை பின்தங்கி நிற்றல் அவற்றுள் இரண்டாவது. இயற்கை தந்த பற்கள் அனைத்தையும் காத்தே வரிசையைச் சீராக்கல் வேண்டுமென்பது அவரது உறுதியான கொள்கை. கல்வின் கேசு என்பார் சிலருக்குப் பல் பிடுங்குதல் இன்றியமையாதது என 1911 இல் வாதிட்டார். ஆங்கிளின் மாணவர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆங்கிள் 1930 இல் மறைந்தார். பின்னர் அவர் மாணாக்கருள் ஒருவரான சாள்ஸ் துவீட், ஆசிரியர் வழியில் தாம் திருத்திய பற்கள் மீண்டும் பிறழ்வதைக் கண்டார். சிறு கடைவாய்ப் பற்கள் நான்கைக் களைந்து, அந்நோயாளருக்கே மறுமுறை சிகிச்சை செய்தார். ஆசிரியரின் கருவியை வைத்துக்கொண்டு அவர் கோட்பாட்டைக் கைவிட்ட இச்செயலுக்கு மிக்க துணிவு வேண்டும்.

ஐரோப்பாவிலோ வேறொரு போக்கு வளர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த விக்கோ அந்திரேசன், தம் மகள் விடுமுறைக்குச் செல்லுமுன் அவள் பற்களில் இருந்த நிலையான கருவியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தாடையை முன்னிழுத்து நிறுத்தும் தகடொன்றைக் கொடுத்தனுப்பினார். அவள் திரும்பியபொழுது கடிப்புச் சீர்ப்பட்டிருந்தது. இதிலிருந்து தோன்றிய கழற்றத்தக்க கருவியை அவர் நோர்வேயில் கார்ல் ஹொய்ப்பிள் என்பாருடன் சேர்ந்து பரப்பினார். பொன்னும் பிற உயர் உலோகமும் அரிதாயிருந்த காலத்தில் இக்கருவி ஐரோப்பிய மருத்துவர்க்கு ஏற்றதாயிற்று. ஜேர்மனியரான எமில் ஹேர்ப்சு 1905 இல் காட்டிய நிலையான கருவியோ மறக்கப்பட்டு, 1979 இல் ஹான்ஸ் பான்செர்சால் மீண்டும் உயிர்பெற்றது. இரட்டைத் தகட்டுக் கருவியை 1977 இல் கண்டவர் ஸ்கொத்லாந்தின் வில்லியம் கிளார்க்.

இவை தாடையை உண்மையில் வளர்த்தனவோ? வட கரோலினாவிலும் பிரித்தானியாவிலும் நடந்த ஒப்பாய்வுகள் இதற்கு விடை தேடின. எட்டு முதல் பத்து வயதில் தொடங்கிய சிகிச்சையால் முதலில் நன்மை தோன்றினும், பதின்பருவத்துச் சிகிச்சையும் முடிந்தபின், காலந்தாழ்த்தித் தொடங்கினார்க்கும் இவர்க்கும் பெரும் வேறுபாடு எஞ்சவில்லை. முன்பல் அடிபட்டு உடைதல் குறைந்ததே முன்கூட்டிய சிகிச்சையின் தனிப்பயன். சீர்திருத்தத்தின் பெரும்பகுதி பற்களின் நகர்வே. தாடை வளர்ச்சியின் பங்கு சிறிது. கிங்ஸ்லி தொட்டு நிலவிய நம்பிக்கை இதனாற் பெரிதும் தளர்ந்தது.

பிரித்தானியாவில் பதினொன்று முதல் பதினான்கு வயதினர் 215 பேரைக் கொண்ட ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. கிளார்க்கின் கருவியும் ஹேர்ப்சின் கருவியும் பற்களைச் சீர்செய்வதில் ஒத்த பயனே தந்தன. ஆனால் கழற்றத்தக்க கருவியைப் பெற்றோருள் மூன்றிலொரு பங்கினர் சிகிச்சையை முடிக்கவில்லை. வாயில் ஒட்டப்பட்ட மற்றையதில் அவ்வாறானோர் ஏறக்குறைய எட்டிலொரு பங்கினரே. அக்கருவியோ அடிக்கடி உடைந்தது; உடைந்தபொழுதெல்லாம் அப்பிள்ளைகள் மருத்துவரிடம் மீண்டும் செல்லவேண்டியிருந்தது.