நுரையைப் பிடித்தவர்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தால் கொஞ்சம் வெளியே பாருங்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பனைகள் வரிசை கட்டி நிற்கும். 1978-ல் தமிழக அரசு மாநில மரமாக அறிவித்த அதே பனை. அதன் உச்சியில், பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிய நிமிஷத்திலேயே ஒரு தொழிற்சாலை ஓட ஆரம்பித்துவிடும். லைசென்ஸ் கிடையாது, கரண்ட் கிடையாது. காற்றிலும் பழைய கலயத்தின் உள்சுவரிலும் இருக்கிற ஈஸ்ட்தான் தொழிலாளி.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் ஈஸ்ட்டின் பாச்சா பலிக்காது. இறங்குவது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்துவிடும். பொங்கப் பொங்க நுரைத்து இறங்குவது கள். ஒன்றை ரோட்டோரத்தில் குடும்பத்தோடு நின்று குடிக்கலாம். இன்னொன்றை இறக்கினால் கேஸ். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

போதை, ஒழுக்கம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாம் இந்த வாரம் பேசப்போவது அந்த நுரையைப் பற்றி மட்டும்.

கள்ளின் ஆயுசு நுரையின் ஆயுசுதான். காலையில் இறக்கியது உச்சி வெயிலுக்குள் கடுகடுத்துவிடும். மறுநாள் அது கள்ளல்ல, காடி. ஏன்? வாயு ஒரு திரவத்தில் எவ்வளவு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று அழுத்தம், இன்னொன்று சூடு. அழுத்தக் கணக்கை 1803-ல் வில்லியம் ஹென்றி என்கிற ஆங்கிலேயர் சொல்லிவிட்டுப் போனார். திறந்த பாத்திரத்தில், 15 டிகிரி குளிரில், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஒரு லிட்டர் கரியமில வாயு தங்கும். அதே தண்ணீர் 35 டிகிரியில் இருந்தால் சுமார் 0.6 லிட்டர்தான். நம் திண்டிவனம் வெயிலில் வாய் திறந்த கலயத்துக்குள் வாயு எப்படித் தங்கும்? வாயு போன வழியில் வெளிக்காற்று உள்ளே வரும். காற்றை நம்பிப் பிழைக்கிற பாக்டீரியாக்கள் கூடவே வந்து ஆல்கஹாலைப் புளிக்கக் காடியாக்கும்.

வெள்ளைக்காரனுக்கும் இதே தலைவலி இருந்தது. அவனுடைய பிரச்னை பீர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்கிற கம்பெனி பீப்பாய் பீப்பாயாக பீரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. ஒரு பெரிய பீப்பாய் என்றால் சுமார் 245 லிட்டர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டி, மாதக்கணக்கில் பயணம். மரப்பீப்பாயின் இடுக்கு வழியே வாயு கசிந்தால் வந்து சேருவது சப்பென்ற கசப்புத் தண்ணீர். அதனால்தான் ஹாப் என்கிற கசப்புப் பூவை அள்ளிப் போட்டார்கள். அது கெட்டுப்போவதைத் தாமதப்படுத்தியது. பிறகு இங்கேயே காய்ச்சலாம் என்று முடிவு செய்தபோது அவர்கள் தேடிப் போனது மலைகளை. எட்வர்ட் டையர் 1855-ல் இமயமலைச் சாரலில் கசௌலிக்குப் போனார். தெற்கே நீலகிரி. குளிரில்தான் பீர் ஒழுங்காகப் புளிக்கும், வாயுவும் தங்கும். நீலகிரி, பெங்களூர் பக்கத்து ஆலைகள் ஐந்தைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் தொடங்கியதுதான் யுனைட்டெட் ப்ரூவரீஸ்.

இதற்கிடையே ஒரு வேடிக்கை நடந்தது. 1767-ல் லீட்ஸ் நகரில் ஜோசப் ப்ரீஸ்ட்லி என்கிற பாதிரியார் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. புளிக்கிற தொட்டிக்கு மேலே ஒரு கனத்த காற்று மிதப்பதைப் பார்த்தார். எரிகிற குச்சியை நீட்டினால் அணைந்தது. அதன் மேலே தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பார்த்தார். தண்ணீர் சுருக்கென்று ஆனது. 1772-ல் சின்னதாக ஒரு புத்தகம் போட்டு உலகத்துக்கே செய்முறையைச் சொல்லிவிட்டார். அதுதான் சோடா. பீர் தொலைத்த மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் அடைத்த கதை! பாதிரியார் அதில் காசு பார்க்கவில்லை. பார்த்தவர் ஷ்வெப் என்கிற வியாபாரி.

அடைத்ததைத் தக்கவைப்பது எப்படி? 1872-ல் ஹிராம் காட் கண்டுபிடித்த பாட்டிலை உங்களுக்கு நன்றாகவே தெரியும். நம் கோலி சோடா. தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். உள்ளே இருக்கிற வாயுவே கோலியைத் தள்ளிக் கழுத்து ரப்பரில் அழுத்தி மூடிக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கிற திருடனையே காவலுக்கு வைத்த மாதிரி. ரப்பர் தேய்ந்தால் மட்டும் விளையாட்டு முடிந்தது. விரலால் அழுத்தினால் 'டொப்' சத்தம் வராது. கடைக்காரர் பேசாமல் வேறு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்.

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதே ரப்பர்தான் பகை. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றதும் அங்கே அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒரு பீப்பாய், மேலே திருகு மூடி, கீழே குழாய். இருபது லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆசை ஆசையாகத் திறந்தால் பல பேருக்கு நுரையே வராது. உடனே சரக்கு சரியில்லை என்று நினைப்பார்கள். சரக்கு நன்றாகத்தான் இருக்கும், மூடிதான் கசியும். சோப்பு நுரையை மூடியிலும் குழாயிலும் தடவிப் பார்த்தால் குமிழ் காட்டிக் கொடுத்துவிடும். நம்மூரில் கேஸ் சிலிண்டருக்குச் செய்கிற அதே வேலை. ரப்பர் வளையத்தை மாற்று, வாஸ்லின் தடவு, ஒரு கைப்பிடி சர்க்கரையைக் கரைத்து ஊற்று, சில நாள் கதகதப்பில் வை. மிச்சமிருக்கும் ஈஸ்ட் மறுபடி வாயு விடும். பிறகு குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் அந்த வாயு திரவத்துக்குள் இறங்கும். இறக்க இறக்கப் பீப்பாயில் காலியிடம் அதிகமாகி, வாயு பீரை விட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத்தான் சின்னச் சின்ன வாயுக் குப்பி. அப்படியும் அது பாட்டில் பீர் மாதிரி சீறாது. பாட்டிலில் லிட்டருக்கு இரண்டரை லிட்டர் வாயு இருக்கும். பிளாஸ்டிக் பீப்பாய் அவ்வளவு அழுத்தம் தாங்காது. பாதுகாப்பு வால்வு முன்பே திறந்துகொள்ளும். (நம் மதுவிலக்குச் சட்டத்தில் வீட்டில் பீர் போடுவது குற்றம். பரிசோதனை எதுவும் வேண்டாம்!)

கள்ளுக்கு ரப்பர் வளையம் வாங்கித் தர யாருமில்லை. வணிகவியல் படித்தவனுக்கு முதலில் உறைக்கிற விஷயம், இந்தச் சரக்குக்கு க்ளோசிங் ஸ்டாக் என்று ஒன்று கிடையாது என்பதுதான். குடோனில் அடுக்க முடியாது, ரயிலில் அனுப்ப முடியாது. வெள்ளைக்கார சர்க்கார் 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் கொண்டுவந்தபோது, கள்ளுக்கு மரக்கணக்கில் வரி வாங்குகிற முறையும் நடந்தது. மரத்தில் அடையாளம் போட்டு, மரத்துக்கு இவ்வளவு என்று. வேறு எங்கே எண்ணுவது? மரத்தை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து சரக்கு செத்துக்கொண்டிருக்கிறதே! சாராயம் அப்படியில்லை. அளக்கலாம், அடைக்கலாம், சீல் வைக்கலாம், வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். கஜானாவுக்குப் பிடித்தது எதுவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னாற்காடு. ஆனால் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாண்டிச்சேரி. அங்கே தடை இல்லை. இங்கே 1971-ல் கருணாநிதி திறந்தார், பிறகு அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 ஜனவரி ஒன்றாம் தேதி சாராயத்துக்கும் கள்ளுக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டார். சாராயம் மட்டும் 1990-ல் மலிவு விலை மதுவாகத் தலைகாட்டி அடுத்த வருஷமே மறைந்தது. கள்ளின் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. 2003-லிருந்து டாஸ்மாக் தானே சில்லறைக் கடை நடத்துகிறது. அங்கே மூடி போட்ட பீர் கிடைக்கும். நாலைந்து சதவீத ஆல்கஹால் உள்ள கள் குற்றம், அதே அளவு அல்லது கூடுதலாக உள்ள பீர் வருமானம். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. மூடி மட்டும்தான் தெரிகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கள்ளுக்கடை இருந்தால் எல்லாம் சுபம் என்றில்லை. கேரளத்திலும் ஆந்திரத்திலும் கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்து பிடிபட்ட வழக்குகள் ஏராளம். மரம் ஓரிடத்தில், கடை ஓரிடத்தில் என்று ஆனதும் செத்த கள்ளுக்கு உயிர் கொடுக்க மருந்து தேவைப்பட்டது.

ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்தது கள் குடித்து அல்ல. மெத்தனால் கலந்த சாராயம். அடுத்த வருஷம் ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியில், அறுபது பேருக்கு மேல் போனார்கள். மெத்தனாலுக்கு நுரை கிடையாது, புளிப்பு கிடையாது. பார்த்தால் தண்ணீர். கேனில் ஊற்றி எத்தனை மைல் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும் விற்கலாம்.

புதுச்சேரி எல்லை நேர்கோடல்ல. தமிழ்நாட்டு நிலத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற பனை, உரிமம் எடுத்த கள்ளுக்கடைக்குச் சொந்தம். இந்தப் பக்கம் இருக்கிற பனையில் ஏறுகிறவர் இடுப்பில் பாளை அரிவாளோடு ஒரு சுண்ணாம்புக் குடுவையையும் கட்டிக்கொண்டு போகிறார். கலயத்தைத் துடைத்துவிட்டு, மறக்காமல் தடவுகிறார்.