தறிக்குப் பக்கத்துல உட்கார்ந்த பையன்

ஆயுத பூஜை அன்னைக்கு எங்க ஊர்ல டிராக்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், கதிர் அரிவாளுக்கும் வைக்கிறோம். ரெண்டுல எது சாமிக்குப் பிடிச்சதுன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஆனா காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வர்றவங்க தறியைப் பார்த்ததும், "கையால நெய்யிறதுதான் தெய்வீகம், மிஷின் வந்தா எல்லாம் போச்சு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. கல்யாண ஜவுளி எடுக்கப் போறப்பல்லாம் இந்தப் பேச்சு என் காதுல விழுது. அதனால இந்தப் பதிவுல கொஞ்சம் பழைய கதை.

நெசவுக்கும் சாமிக்கும் காஞ்சிபுரத்துல இருக்கிற உறவு சும்மா வாய்ப்பேச்சு இல்ல. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒண்ணு சென்னை அருங்காட்சியகத்துல இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது. ஊர் பேரு அதுல கச்சிப்பேடு. அங்க ஊரகத்துப் பெருமாள் கோயிலோட (இன்னைக்கு நாம உலகளந்த பெருமாள் கோயில்னு சொல்றது) வரவு செலவைப் பார்க்கிற பொறுப்பை நெசவாளர்கள் இருந்த நாலு குடியிருப்புகள் கிட்ட ஒப்படைச்சிருக்காங்க. கோயில் பணத்தை வட்டிக்கு வாங்கி வச்சிருந்ததும் அந்தக் குடியிருப்புகள்தான். நெசவுக்காரனை நம்பிக் கோயில் கஜானாவைக் கொடுத்த காலம்! 15-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுல, பல்லக்கு ஏறவும் சங்கு ஊதவும் காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருக்கிற உரிமை எங்களுக்கும் வேணும்னு வேற ஊர் கைக்கோளர்கள் கேட்டு வாங்கின சேதி இருக்கு. இன்னொரு பக்கம் தறி இறைன்னு வரியும் கட்டினாங்க. மரியாதையும் வரியும் சேர்ந்தேதான் வரும் போல.

இதெல்லாம் தறிக்குழியில உட்கார்ந்தவரோட கதை. பக்கத்துல இருந்தவங்க கதை செப்பேட்டுலயும் இல்ல, புராணத்துலயும் இல்ல. தாமரைத் தண்டு நூலெடுத்துத் தேவர்களுக்குத் துணி நெய்த மார்க்கண்டரோட வம்சம்னு நெசவாளர்கள் சொல்லுவாங்க. அந்தத் தாமரை நூலுக்குத் தார் சுத்திக் கொடுத்தது யாரு? வள்ளுவர் நெசவாளின்னு ஒரு கதை உண்டே, அதுல வாசுகி கொஞ்சம் தலைகாட்டுறாங்க. புருஷன் கூப்பிட்டதும் கிணத்துக் கயிறை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தாங்களாம், குடம் பாதியிலேயே நின்னுச்சாம். குடம் நின்னதைத்தான் எல்லாரும் அதிசயமாச் சொல்றாங்க. ஒரு வேலையை முடிக்க விடாம இன்னொரு வேலைக்குக் கூப்பிட்டதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

இப்ப தறிக்கு வருவோம். ஜக்கார்டு பெட்டி வர்றதுக்கு முன்னாடி காஞ்சிபுரத்துல பூவேலைக்கு "அடை" கட்டி நெய்வாங்க. எந்த இழை எப்ப மேல எழும்பணுங்கிறதை நூலாலேயே முடிஞ்சு வச்சிருப்பாங்க. அந்த நூலைப் பிடிச்சு இழுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். பெரும்பாலும் சின்னப் பையன். பிரான்சு நாட்டு லியோன்லயும் பட்டுத்தறியில இதே மாதிரி நூல் இழுக்கிற பிள்ளைங்க இருந்தாங்க. 1804 வாக்கில ஜக்கார்டுங்கிறவர் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து, எந்த இழை எழும்பணும்னு அட்டையே சொல்ற மாதிரி பண்ணிட்டார். அங்க நெசவாளிங்க அந்தப் பெட்டியைச் சும்மா விடல, பெரிய எதிர்ப்பு. அதே ஓட்டை அட்டையைத்தான் பிறகு இங்கிலாந்துல பாபேஜ் தன்னோட கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கிட்டார். அந்த வகையில நம்ம பாக்கெட்டுல இருக்கிற செல்போனுக்கு பிள்ளையார்பாளையம் ஜக்கார்டு பெட்டி பெரியப்பா முறை.

பெட்டி வந்ததும் நூல் இழுக்கிற பையன் எழுந்து போனான். ஆனா கோர்வைச் சேலையில பையன் போகல. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் இழைக்கு இழை பின்னிச் சேர்க்கிறதுதான் கோர்வை. மூணு நாடா ஓடணும். குழியில உட்கார்ந்தவருக்கு அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் வேணும். அங்கயும் பிள்ளைங்களைத்தான் உட்கார வச்சாங்க. சேலை தனித்தனியா கிழிஞ்சாலும் கரை பிரியாதுன்னு பெருமையாச் சொல்றோமே, அந்தக் கரையை எத்தனை சின்ன விரல் பிடிச்சிருக்கும்.

1953-ல ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமப் பிள்ளைங்களுக்கு மூணு மணி நேரம் பள்ளிக்கூடம், மத்த நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கணும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பத்தாத காலம், ரெண்டு ஷிப்ட் வச்சா ரெண்டு மடங்கு பிள்ளைங்க படிக்கலாம்னு அவருக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. ஆனா அவங்கவங்க வீட்டுத் தொழில் அவங்கவங்களுக்குப் பள்ளிக்கூடம்ங்கிற நினைப்பும் அதுக்குள்ள இருந்துச்சு. குலக்கல்வின்னு பேர் வச்சு எதிர்த்தவங்கள்ல காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துல பிறந்த அண்ணாவும் ஒருத்தர். 1954-ல காமராஜர் முதலமைச்சரா வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்.

திட்டம் போச்சு, நினைப்பு போகல. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிள்ளைங்களை வச்சு நெசவு செய்யக்கூடாதுன்னு அதுல இருக்கு. கூடவே, சொந்தக் குடும்பத்தோட உதவியால வேலை நடக்கிற இடத்துக்கு அது பொருந்தாதுன்னும் இருக்கு. வீடுன்னா கோயில் மாதிரி, உள்ளே அதிகாரி நுழையக்கூடாதுன்னு நினைச்சாங்களோ என்னமோ. பக்கத்து வீட்டுப் பையன் சொந்தக்காரப் பையன் ஆகறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்க. முன்பணம் வாங்கி அதுக்காகப் பிள்ளையைத் தறியில உட்கார வைக்கிறதைப் பத்தி 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதின அறிக்கையில காஞ்சிபுரமும் இருக்கு. 2016-ல சட்டத்தைத் திருத்தி 14 வயசுக்குக் கீழ எந்த வேலையும் கூடாதுன்னாங்க. அதுலயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து குடும்பத் தொழில்ல உதவலாம்னு ஒரு கதவைத் திறந்தே வச்சிருக்காங்க.

அதுக்காக எல்லா மிஷினும் நல்லதுன்னு நான் சொல்ல வரல. எங்க வயல்ல அறுவடை மிஷின் வந்தப்ப என் முதுகு வலி குறைஞ்சது உண்மை. அறுப்புக்கு வந்துக்கிட்டிருந்த பொம்பளைங்களுக்கு அந்தக் கூலி நின்னதும் உண்மை. விசைத்தறி விஷயமும் அப்படித்தான். 1985-ல கைத்தறிக்குன்னு சில துணிகளை ஒதுக்கிச் சட்டம் போட்டாங்க. முதல்ல 22 வகை, அப்புறம் 11 ஆச்சு. 1993-ல உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அந்தச் சட்டம் இல்லேன்னா பிள்ளையார்பாளையத்துல இன்னைக்குத் தறிச் சத்தம் கேட்குமாங்கிறது சந்தேகம்தான். அதுல கைத்தறின்னா என்னன்னு எழுதியிருக்கிறது வேடிக்கையா இருக்கும்: விசைத்தறி அல்லாத தறி, அவ்வளவுதான்.

அப்ப மிதியை மிதிச்சு மிதிச்சு ஜக்கார்டு பெட்டியோட பாரத்தைத் தூக்கறாரே, அந்த வேலைக்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் வச்சா அது கைத்தறியா இல்லையா? நாடாவை எறியறது கை, கரையைப் பின்னுறதும் கை. தூக்குறது மட்டும் கரண்டு. அம்பது வயசுல முட்டி தேய்ஞ்சு போனவர் கிட்ட போய் இது தெய்வீகமா இல்லையான்னு கேட்க எனக்குத் துணிச்சல் இல்ல. மோட்டார் இருக்கட்டும்னுதான் சொல்லுவேன். தார் சுத்தவும் மோட்டார் இருக்கட்டும்.

கோர்வைத் தறியில பையன் உட்கார்ந்த இடத்துல இப்ப பல வீட்டுல அவங்க அம்மா உட்கார்ந்திருக்காங்க. சமையல் முடிச்சிட்டு வந்து உட்காருவாங்க, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுந்து போய்ச் சோறு போட்டுட்டுத் திரும்ப உட்காருவாங்க. கூலி சேலைக்கு இவ்வளவுன்னு பேசி, தறிக்காரர் கையில வருது.