சாந்து பூசும் உரிமை

எங்கள் தாத்தா வீடு கீழ்பென்னாத்தூரில், செஞ்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. ஒன்பது வருடம் பூட்டியே கிடந்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று ஆனதும், சென்னையில் வாடகை கொடுத்தது போதும், அங்கேயே போய் இருந்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். “மொதல்ல போய் கூரையப் பாரு” என்றாள்.

கூரை பாதி இறங்கியிருந்தது. பனை வாரைகளைக் கரையான் தின்றிருந்தது. திண்ணையில் ஆடுகள் படுத்திருந்தன. ஆனாலும் முற்றத்தில் நின்று மேலே பார்த்தபோது ஒரு சதுர வானம் அப்படியே இருந்தது. “பழையபடியே கட்டிடணும் மேஸ்திரி. ஒண்ணுகூட மாறக் கூடாது” என்றேன். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்துக் காலனிக்காரர். ஒன்றும் சொல்லாமல் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகம் முழுக்க இப்படிப் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. 1989 வாக்கில் கிட்டத்தட்ட 90 லட்சம் பேர் இருந்த பல்கேரியாவில் 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம் பேர்தான். காலியான கிராமங்களில் ஆங்கிலேயர்கள் மலிவாக வீடு வாங்கி, தாங்களே கல் அடுக்கிப் பழுது பார்த்துக் குடியேறுகிறார்கள். ஜப்பானில் 2023 கணக்குப்படி ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். எங்கள் பக்கத்திலும் வெளியாட்கள் வந்து வீடு கட்டிக்கொள்வது புதிதல்ல. 1935ல் திருவண்ணாமலைக்கு வந்த மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர், ரமணாசிரம வளாகத்துக்குள்ளேயே தனக்கென ஓர் அறை கட்டிக்கொண்டு வாழ்ந்தார். வெளியூர்க்காரருக்கு ஒரு சௌகரியம் உண்டு. அந்தச் சுவரை யார் கட்டினார்கள் என்று அவரிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். பேரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது.

*

முதலில் ஓடு. கூரையைப் பிரித்தபோது பின்கட்டில் குயவர் செய்த நாட்டு ஓடும், முன்கட்டில் பட்டையான சீமை ஓடும் இறங்கின. சீமை ஓடு ஒன்றைத் திருப்பினால் ஆங்கிலத்தில் பாசல் மிஷன், 1865 என்று அச்சு. அன்றிரவு தூக்கம் போயிற்று. போனில் தேடித் தேடிப் படித்தேன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து 1834ல் மங்களூருக்கு வந்த மிஷன் அது. மதம் மாறியவர்களைச் சாதியும் குடும்பமும் வெளியே தள்ளின. தொழில் போனது, தங்க இடமும் போனது. அவர்களுக்கு வேலை வேண்டும் என்றுதான் மிஷன் முதலில் தறி போட்டது, பிறகு 1865ல் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். கோழிக்கோடு, பாலக்காடு என்று அது பரவியது. ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும் ஓடு என்பதால் நாட்டு ஓட்டைவிடக் கனம் குறைவு, அடிக்கடி மாற்றி அடுக்கவும் வேண்டாம். முதல் உலகப் போரில் அரசு அந்தச் சொத்துகளை எடுத்துக்கொண்டு வேறொரு டிரஸ்டிடம் கொடுத்தது.

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் செய்த ஓடு எங்கள் வீட்டுக்குக் கூரையாக இருந்திருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். அதிகம் ஒட்டாத கதை என்பதால் போட முடிந்தது.

*

அடுத்தது சுவர். தொண்ணூறுகளில் சித்தப்பா முன்சுவருக்கு சிமெண்ட் பூசியிருந்தார். அந்தச் சுவர்தான் மோசமாகக் கெட்டிருந்தது. உப்புப் பூத்து, கை வைத்தால் பொரிப்பொரியாக உதிர்ந்தது. பின்சுவரில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சாந்து முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக அப்படியே இருந்தது.

மேஸ்திரி காரணம் சொன்னார். “மண்ணு செவுரு தண்ணி குடிக்கும் தம்பி, அப்பறம் அத்த வெளிய வுடும். சுண்ணாம்பு வழி வுடும். சிமிட்டி வாய அடைச்சிடும்.” போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824ல். சென்னையில் அதைத் தயாரிக்க முயற்சி நடந்தது 1904ல். அதற்கு முன் இங்கே எல்லாம் சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணலோடு சேர்த்து வட்டமான கல் தொட்டியில் மாடு பூட்டி அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றுவார்கள். வேலை அதிகம், கூலி அதிகம். அதனால் சாந்து பூசிய சுவர் என்றால் வசதியான வீடு என்று பொருள்.

வசதி மட்டும் போதாது என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. கொங்கு நாட்டுக் கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசாணைக் கல்வெட்டு. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அது சில உரிமைகளைத் தருகிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு போடலாம், தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கம்மாளர் என்றால் தச்சர், கல்தச்சர், கொல்லர், கன்னார், தட்டார். ஊருக்கெல்லாம் வீடும் கோயிலும் கட்டியவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசன் ஆணை போட வேண்டியிருந்திருக்கிறது. அந்த ஆணையும் கம்மாளருக்குத்தான். அவர்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை.

*

பின்சுவரின் வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன மாடம். விளக்கு மாடம் என்று நினைத்து, அதைச் சுற்றிச் செதுக்காமல் பூசச் சொன்னேன்.

“இது வெளக்கு மாடம் இல்ல தம்பி” என்றார் மேஸ்திரி. “கொட்டாங்குச்சி வெக்கிற எடம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் கரணையைக் கீழே வைக்காமலே சொன்னார். “எங்க தாத்தா இந்த செவுத்துக்கு சுண்ணாம்பு அரைச்சவரு. வூடு கட்டற வரைக்கும் உள்ள பூந்து வேல செஞ்சாரு. புண்ணியார்ச்சன பண்ணதும் தோட்டத்து வழியா வரச் சொல்லிட்டாங்க. தண்ணி கேட்டா இந்த மாடத்துல இருக்கிற கொட்டாங்குச்சிய எடுத்து நீட்டணும். உங்க ஆயா மேலேருந்து ஊத்துவாங்க. நானும் சின்னப் புள்ளையில குடிச்சிருக்கேன்.”

கொஞ்சம் கழித்து, “எங்க வூட்டு செவுத்துக்கு மண்ணும் சாணியும்தான்” என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “எல்லார் வீட்லயும் இருந்துதேடா” என்றாள்.

இருந்ததுதான். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் வந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950ல். எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில் பட்டியல் சாதி மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனது 2023 ஜனவரி 30ஆம் தேதி, போலீஸ் காவலோடு. ஏறக்குறைய 80 ஆண்டு வெளியே நின்றிருக்கிறார்கள். மாடங்கள் சட்டத்தோடு சேர்ந்து மூடிக்கொள்வதில்லை.

நான் படித்தவன் அல்லவா, உடனே ஒரு யோசனை சொன்னேன். அந்த மாடத்தை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு பலகை மாட்டலாம், வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். மேஸ்திரி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“உனக்கு அது ஹிஸ்டரி தம்பி. நான் தெனமும் அத்த பாத்துக்கினே இங்க வேல செய்யணும். பழையபடியே கட்டணும்னு சொன்னியே, எல்லாத்தையுமா?”

பதில் இல்லை. மூடுங்கள் என்றேன். மூன்று செங்கல், இரண்டு கரணை சாந்து. பத்து நிமிடத்தில் முடிந்தது.

அன்று சாயங்காலம் எல்லோருக்கும் கூடத்தில் டீ வைத்தேன். சின்னப் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி டம்ளரை வாங்கிக்கொண்டு, “வெளிய காத்து வருது” என்று திண்ணைக்குப் போய்விட்டார். வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு டம்ளர் டீயில் சரிசெய்துவிட முடியும் என்று நினைத்ததே என் தப்பு. நானும் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூலி பாக்கி, அடுத்த வாரம் வரவேண்டிய மணல் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நான் குடிவந்து ஏழு மாதமாகிறது. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். மழை பெய்த மறுநாள் பின்சுவர் காயும்போது, அந்த இடம் மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காய்கிறது. வெயில் ஏறும்வரை ஒரு சின்னச் சதுரம் ஈரமாகத் தெரிகிறது.