தாம்பரத்தில் ஏறினால் ராமநாதபுரத்தில் இறங்குங்கள்



2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து நம் தாம்பரத்திலிருந்தே ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. பள்ளியில் இருந்தபோது இரண்டு முறை உங்களை ராமேஸ்வரம் சுற்றுலா அழைத்துப் போனேன். இரண்டு முறையும் ராமநாதபுரத்தில் பஸ் டீ குடிக்க மட்டுமே நின்றது. நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் ஏற்றிவிட்டேன். ஊருக்குள் இருக்கும் ராமலிங்க விலாசம் அரண்மனையை ஓய்வு பெற்ற பிறகுதான் நானே பார்த்தேன்.

போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. ராமலிங்க விலாசம் அரசரின் கொலுமண்டபம்தான், ஆனால் அமைப்பு கோயில் மாதிரி. முன்னால் மகாமண்டபம், அடுத்து அர்த்தமண்டபம், கடைசியில் கருவறை போல ஓர் அறை. சேதுபதிகள் முடிசூட்டிக்கொண்ட ராமர் பீடம் அங்கேதான் இருக்கிறது. வளாகத்திலேயே ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலும் உண்டு.

சுவர், தூண், வளைவு, மேல்விதானம் என்று எங்கும் ஓவியம். 1725-இல் மறைந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. ராமாயணம், பாகவதக் காட்சிகள் நிறைய. நம் பாடநூல் படங்களுக்குக் கீழே இருப்பதுபோல, தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே எனக்கு அரை மணி நேரம் போனது. பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது.

சேதுபதிகள் மதுரை நாயக்கருக்கு அடங்கிய பாளையக்காரர்கள் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்வி அது. இந்தச் சுவர்கள் வேறு கதை சொல்கின்றன. ஓரிடத்தில் ராஜராஜேஸ்வரி அம்மனே சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். இன்னோரிடத்தில் தஞ்சை மராத்தியரோடு போர். ஐரோப்பியர் வந்து அவரைச் சந்திக்கும் காட்சியும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட, மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் செய்யும் படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். அவர் ராணி மங்கம்மாளின் பேரன். 1702-இல் அந்த மங்கம்மாள் அனுப்பிய படையைத் தோற்கடித்தவர் கிழவன் சேதுபதி! பாட்டி படை அனுப்பிய ஊரின் அரசருக்குப் பேரன் ரத்தினம் சொரிகிறார்.

ஓவியருக்குக் கூலி கொடுத்தவர் அரசர்தான். தன்னைப் பிறர் எப்படிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தாரோ அப்படித்தான் வரைந்திருப்பார்கள். ஆனாலும் கப்பம் கட்டும் பாளையக்காரராகத் தன்னை அவர் நினைக்கவில்லை என்பது அந்தச் சுவர்களில் தெளிவாக இருக்கிறது. நான் நடத்திய வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மாடியில் அரசரின் அந்தரங்க அறை. அங்கே உள்ள படங்கள் காதல் காட்சிகள். எட்டாம் வகுப்பை அழைத்துப் போகாததற்கு இப்படியும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இப்போது உங்களில் பலருக்குக் கல்லூரி போகும் பிள்ளைகளே இருக்கிறார்கள். தாராளமாக மேலேயும் ஏறிப் பாருங்கள்.