கணக்கின் அலகு அழைப்பா, ஆளா? யூஜீன் நகர நெருக்கடிக் குழுவின் தரவு குறித்து

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் வொயிட் பேர்ட் கிளினிக் 1989இல் தொடங்கிய காஹூட்ஸ் என்ற நெருக்கடிக் குழு, காவல்துறைக்கு வரும் அழைப்புகளில் 17 விழுக்காட்டைக் கவனித்துக்கொண்டது என்ற கூற்று 2020க்குப் பின் பரவலாக எடுத்தாளப்பட்டது. நகரக் காவல்துறையின் குற்றப் பகுப்பாய்வுப் பிரிவோ 2019ஆம் ஆண்டுத் தரவைச் சலித்து, காவலர் கையிலிருந்து உண்மையில் விலகியவை 5 முதல் 8 விழுக்காடுதான் என்றது. பின்வந்த ஆய்வாளர்களில் ஒரு சாரார் இச்சிறிய எண்ணையே தீர்ப்பாக ஏற்றுக்கொண்டனர். அக்கணக்கின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அதன் அலகைப் பற்றியதே.

குழுவுக்கு மிகுதியாக வந்தவை மூன்று வகை அழைப்புகள்: ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று பார்த்துவருதல், பொதுமக்களுக்கு உதவி, ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தல். பின்னிரண்டுக்கும் காவலர் வழக்கமாகப் போவதில்லை. ஆகவே அவற்றைக் கழிக்க வேண்டும் என்கிறது காவல்துறைப் பகுப்பாய்வு. ஒவ்வோர் அழைப்பையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் இதை மறுக்க முடியாது. ஆனால் நெருக்கடி அழைப்புக்கு அழைப்பு புதிதாகப் பிறப்பதில்லை. பிற்பகலில் பேருந்து நிறுத்தத்தில் தனக்குள் பேசியபடி, காலில் புண்ணோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்வோம். ஆயுதமின்றி வேனில் இருவர் வருகிறார்கள்; ஒருவர் செவிலியரோ அவசர மருத்துவ உதவியாளரோ, மற்றவர் நெருக்கடிப் பணியாளர். புண்ணைக் கழுவிக் கட்டி, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, இரவு தங்குமிடத்தில் விட்டுவருகிறார்கள். பதிவேட்டில் அது 'கொண்டுபோய்ச் சேர்த்தல்', கணக்கிலிருந்து கழிந்துவிடும். யாரும் வராதிருந்தால் அதே மனிதர் நள்ளிரவில் ஏதோ ஒரு கடை வாசலில் கூச்சலிட்டிருக்கலாம். அப்போது காவலர் போயே ஆகவேண்டும். அந்த இரண்டாம் அழைப்பு வராமல் போனதை எந்தப் பட்டியலும் காட்டாது. அழைப்பை விட்டு ஆளைப் பின்தொடரும் கணக்கில்தான் அது தெரியும்.

இது ஊகமே என்று விட்டுவிடவும் முடியவில்லை. டென்வர் நகரம் 2020 ஜூனில் தொடங்கிய, இதேபோன்ற ஸ்டார் குழு முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குப் போனது. 2022இல் வெளியான டீ, பைன் ஆகியோரின் ஆய்வு, அக்குழு கவனம் செலுத்திய சிறு குற்றங்களின் பதிவுகள் 34 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. குழு பணியில் இல்லாத நேரங்களிலும் குறைவு தென்பட்டது. ஓர் அழைப்புக்குப் பதில் மற்றோர் அழைப்பு என்ற கணக்கு இதை விளக்காது. வேறு நகரம், குறுகிய காலம் என்பதால் டென்வர் முடிவை அப்படியே யூஜீனுக்குப் பொருத்த நான் முனையவில்லை. ஆயினும் அது என் வாதத்தின் திசையையே காட்டுகிறது.

சேவை இருப்பதாலேயே அழைப்புகள் பெருகின என்ற மறுப்பு என்னை அசைக்கவில்லை. காவலர் வந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் அதுவரை தொலைபேசியை எடுக்காதவர் இப்போது எடுத்தால், அதைச் செயற்கைத் தேவை என்று எப்படிச் சொல்வது? காவலரின் நேரம் பெரிதாக மிச்சமாகவில்லை என்பதும் பொருட்டல்ல. நோயுற்றவருக்கு முன்னால் துப்பாக்கியோடு ஒருவர் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே இக்குழுக்கள் தோன்றின.

யூஜீனில் 2025 ஏப்ரலில் காஹூட்ஸ் சேவை நின்றுவிட்டது. வேதனையான அந்த நிறுத்தம் இவ்வாதத்துக்கு ஒரு சோதனையையும் தந்திருக்கிறது. முன்பு 'கொண்டுபோய்ச் சேர்த்தல்' பட்டியலில் திரும்பத் திரும்ப இடம்பெற்றவர்கள், ஏப்ரலுக்குப் பின் காவல்துறை, அவசர சிகிச்சைப் பிரிவு, சிறை ஆகியவற்றின் பதிவுகளில் எத்தனை முறை தோன்றுகிறார்கள் என்று, பெயர் மறைத்து, ஆள்வாரியாக ஒப்பிட வேண்டும். எண்ணிக்கை ஏறாவிட்டால் 5 முதல் 8 விழுக்காடு என்ற கணக்கை நான் ஏற்பேன். ஏறும் என்பதே என் எதிர்பார்ப்பு.