மனுஷனைச் சோதிச்சாங்க, மெஷினை விட்டுட்டாங்க: சூதாட்ட ஆராய்ச்சியின் கதை

சூதாட்டத்துல காசை விட்ட ஒருத்தரைப் பத்தி பேச்சு வந்தா, முதல்ல என்ன சொல்லுவோம்? "அவனுக்குக் கட்டுப்பாடு இல்லப்பா." ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப வருஷம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாங்க. எப்போ, எப்படி மாறினாங்கன்னு இன்னைக்குப் பாக்கலாம்.

அமெரிக்காவுல ராபர்ட் கஸ்டர்னு ஒரு மனநல மருத்துவர். 1970-களின் தொடக்கத்துல, ஒஹையோவுல முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில சூதாட்டத்துக்குன்னே ஒரு சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். 1980-ல அமெரிக்க மனநலச் சங்கத்தோட டிஎஸ்எம் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, இதை ஒரு நோயாகவே பட்டியல்ல சேர்த்துச்சு. பெரிய முன்னேற்றம்தான். பாவம், ஒழுக்கக்கேடுன்னு ஒதுக்கின விஷயத்துக்குச் சிகிச்சைன்னு ஒரு வழி திறந்துச்சு. ஆனா எந்தப் பட்டியல்ல வெச்சாங்க தெரியுமா? அடக்க முடியாம திருடுறது, தீ வைக்கிறது, இதுங்க கூட. அதாவது, கோளாறு மனுஷனுக்குள்ளதான்.

1987-ல லெசியர், புளூம்னு ரெண்டு பேர் 'சவுத் ஓக்ஸ்' கேள்வித்தாளை வெளியிட்டாங்க. மதிப்பெண் கணக்குல வர்றது 20 கேள்விகள். விட்ட காசைப் பிடிக்க மறுபடி போனீங்களா? வீட்டுல மறைச்சீங்களா? கடன் வாங்கினீங்களா? எல்லாமே நல்ல கேள்விகள். ஆனா எதிர்ல இருக்குற மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கேள்வி கூட இல்லை.

அந்த மெஷின் அதே காலத்துலதான் மாறிட்டிருந்துச்சு. பழைய ஸ்லாட் மெஷின்ல மூணு சக்கரம், ஒவ்வொண்ணுலயும் 22 இடம்னு வெச்சுக்கோங்க. சக்கரத்துக்கு ஒரு ஜாக்பாட் படம். மூணும் சேர்ந்து விழ 10,648-ல ஒரு வாய்ப்பு. 1984-ல டெல்னஸ் என்ற கணித வல்லுநர் ஒரு காப்புரிமை வாங்கினார். சக்கரம் எங்க நிக்கணும்னு இனி கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். உள்ள 64 எண்கள் கொண்ட ஒரு கற்பனைச் சக்கரம் இருக்குன்னா, அதுல ஒரே ஒரு எண்தான் ஜாக்பாட் படத்துக்கு. இப்போ வாய்ப்பு 2,62,144-ல ஒண்ணு. வெளிய பாத்தா அதே 22 இடம்தான்!

இதோட நிக்கலை. ஜாக்பாட் படத்துக்கு நேர் மேலயும் கீழயும் இருக்குற வெற்றிடங்களுக்கு நிறைய எண்களை ஒதுக்க ஆரம்பிச்சாங்க. அதனால "அடச்சே, ஒரு நூல்ல போச்சே"ங்கிற தோல்வி அடிக்கடி வரும். நம்ம பாஷையில சொன்னா, பேக்எண்ட் நேர்மையா ரேண்டம் எண்ணைத்தான் எடுக்குது. பொய் சொல்றது ஸ்கிரீன்.

இந்த 'நூல்ல போன' தோல்வி மூளையை என்ன பண்ணுது? 2009-ல கேம்பிரிட்ஜ்ல லூக் கிளார்க் குழு ஆட்களை ஸ்கேனர்ல படுக்க வெச்சு ஆட விட்டாங்க. ஜெயிச்சா தூண்டப்படுற மூளைப் பகுதிகள் சில இதுலயும் தூண்டப்பட்டுச்சு. ஆடினவங்களுக்கு அது பிடிக்கலை. ஆனாலும், படத்தைத் தானே தேர்ந்தெடுத்து ஆடினப்போ, இன்னொரு தடவை ஆடணும்ங்கிற ஆசை கூடுச்சு.

2012-ல மானுடவியலாளர் நடாஷா ஷூல் 'அடிக்‌ஷன் பை டிசைன்' புத்தகத்தை வெளியிட்டாங்க. லாஸ் வேகாஸ்ல ஆடுறவங்க கிட்டயும் மெஷினை வடிவமைக்கிறவங்க கிட்டயும் பல வருஷம் பேசி எழுதினது. அடிமையான பலர் ஜெயிக்கிறதுக்காக ஆடலை, உலகத்தை மறந்து ஆடிட்டே இருக்கத்தான் ஆடுறாங்கன்னு அதுல காட்டினாங்க. அடுத்த வருஷம் டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு, இதை மது, போதைப் பொருள் இருக்குற அத்தியாயத்துக்கே மாத்திச்சு.

இந்த மாற்றம் நம்ம ஊர்லயும் தெரியுது. 2025-ல தமிழ்நாட்டு விதிமுறைகள், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12-லிருந்து காலை 5 வரை நிறுத்தச் சொல்லுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் அந்த விளையாட்டுகளையே தடை பண்ணுச்சு. தடை சரியா தப்பான்னு தனியா விவாதிக்கலாம். ஆனா அந்த இரவு விதி பேசுறது ஆப் கிட்ட. "நீ கட்டுப்பாடா இரு"ன்னு ஆடுறவரை விட்டுட்டு, ஆப்பைப் பாத்துச் சொல்லுது.

இதைக் கேக்குற நிறைய பேர் ஆப் எழுதுறவங்க. டெல்னஸும் நம்மள மாதிரி ஒரு கணக்கைத்தான் தீர்த்தார். அடுத்த முறை 'யூசர் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்'னு ஒரு டிக்கெட் வந்தா, எதுக்குன்னு ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!