கரும்பை வென்ற கிழங்கு



தேநீரில் நாம் கலக்கும் சீனி கரும்பிலிருந்து வருகிறது என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், உலகில் உண்டாகும் சீனியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் விளையும் ஒரு கிழங்கிலிருந்து கிடைக்கிறது. அதைச் சீனிக்கிழங்கு என்று அழைப்போம். சர்க்கரைவள்ளி என்று எண்ணிவிடாதீர்கள், அது வேறு. இது கறி சமைக்கும் பீட்ரூட்டின் இனம். தோலும் சதையும் வெண்மையானவை. நம் தோட்டங்களில் இதைக் கண்டவர் இல்லை. ஆயினும், நம் பாட்டன் பூட்டன்மாரின் வாழ்க்கையை இந்தக் கிழங்கு தொட்டிருக்கிறது.

1747ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வேதியியல் அறிஞர் மார்கிராஃப் இக்கிழங்கில் சீனி இருப்பதைக் கண்டார். அவருடைய மாணவர் ஆகார்ட் 1801இல் முதல் ஆலையை நிறுவினார். பிரிட்டனோடு நடந்த போரினால் கரும்புச் சீனி வரத்துக் குன்றவே, நெப்போலியன் 1811இல் 32,000 ஹெக்டர் நிலத்தில் கிழங்கு பயிரிடக் கட்டளையிட்டான். போர் முடிந்தது, கிழங்கு நிலைத்துவிட்டது. ஐரோப்பிய அரசுகள் ஏற்றுமதிக்கு உதவித்தொகை கொடுத்து அதை வளர்த்தன. 1900ஆம் ஆண்டளவில் உலகச் சீனியில் பாதிக்கு மேல் கிழங்குச் சீனியே. விலை வீழ்ந்தது.

அந்த வீழ்ச்சி எங்கே போய் இடித்தது தெரியுமா? இன்று செபராங் பிறை எனப்படும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியில்! அங்கும் பேராக் கிரியானிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. இரப்பருக்கு முன்பே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கரும்பு வெட்டினார்கள். கரும்பு இலாபம் தராமற்போன வேளையில் இரப்பர் விலை ஏறியது. 1914க்குள் அந்தத் தோட்டங்களில் கரும்பு போய் இரப்பர் நின்றது. கரும்பு வெட்டிய கைகள் பால்மரம் சீவின. இந்த மாற்றத்துக்குக் கிழங்கு மட்டுமே காரணமன்று. ஆனால் அதுவும் ஒரு காரணம். கூலிகளை யாரும் கலந்து கேட்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குளிர்நாட்டில் பிறந்த இப்பயிர் பின்னர் வறண்ட நாடுகளுக்கும் சென்றது. காரணம் தண்ணீர். கரும்புக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும்; கிழங்குக்கு 550 முதல் 750 போதும். நம் நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று பெயர்பெற்ற, நெகிரி செம்பிலானைச் சேர்ந்த ஜெலுபுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும், கரும்பு ஓராண்டுப் பயிர். கிழங்கு ஆறேழு மாதத்தில் முடிந்துவிடும். உப்பேறிய மண்ணையும் ஓரளவு தாங்கும். ஆகவே மொரோக்கோ 1960களிலும் எகிப்து 1980களிலும் கிழங்கு ஆலைகளைத் தொடங்கின. எகிப்தில் இன்று கரும்புச் சீனியைவிடக் கிழங்குச் சீனியே அதிகம். தமிழ்நாட்டிலும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000களில் வெப்பநாட்டுக் கிழங்கு வகைகளைப் பயிரிட்டுச் சோதித்தது. ஆனால் கரும்பின் இடத்தை அது பிடிக்கவில்லை.

இப்பொழுது உலகத் தட்பவெப்பம் மாறி வருகிறது. வெப்பம் நமக்கும் புதிதன்று. 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அதுவும் கரும்பு விளைந்த ஊர்தான். வெப்பம் கிழங்கை என்ன செய்யும்? பகலில் இலைகள் சீனியை ஆக்கிக் கிழங்குக்கு அனுப்புகின்றன. இரவு குளிர்ந்திருந்தால் அது அங்கே தங்கும். இரவும் வெப்பமாயிருந்தால் செடி தன் சுவாசத்திலேயே அதில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும். கிழங்கு பருத்திருக்கும், இனிப்பு குறைந்திருக்கும். வறட்சியால் இலைகள் கருகி, பிறகு மழை பெய்தாலும் தொல்லைதான். புதிய இலை விடுவதற்குச் செடி கிழங்கில் சேர்த்த சீனியையே எடுத்துக்கொள்ளும். மாசி பங்குனியில் இலையுதிர்த்துத் தளிர்விடும் காலத்தில் நம் பால்மரங்களில் பால் குறைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்றில் கரியமிலவாயு மிகுவதால் இலைகள் சற்று அதிகமாகச் சீனி ஆக்கக்கூடும். தண்ணீர் இல்லாத இடத்தில் அந்த ஆதாயம் எம்மட்டு?

எகிப்து இப்பயிரைக் குளிர்காலத்தில் விளைவித்து வெயிலிலிருந்து தப்புகிறது. ஆனால் நீருக்கு நைல் ஆற்றையே நம்பியிருக்கிறது. மொரோக்கோவின் நிலை இன்னும் கடினம். அங்கே துக்காலாச் சமவெளி பெயர்பெற்ற கிழங்கு வட்டாரம். அதற்கு நீர் தருவது அல் மசிரா அணை. 2018க்குப் பின் ஆண்டுக்காண்டு மழை பொய்த்து, 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த அணை ஏறத்தாழ வற்றிப்போயிற்று. இருந்த நீர் குடிநீருக்கே ஒதுக்கப்பட்டது. வாய்க்கால் பாசனம் நிறுத்தப்பட்டது. குறைந்த நீரில் விளையும் பயிர் என்று கொண்டாடப்பட்ட கிழங்குக்கு அந்தக் குறைந்த நீரும் கிடைக்கவில்லை. நகரத்தின் தாகம் முதலில், வயலின் தாகம் பின்னர் என்பதே அங்கே நடைமுறை. 2024 ஜூன் மாதத்தில் காசாபிளாங்கா அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் ஒன்றின் கட்டுமானப் பணி தொடங்கியது. நகரங்கள் கடல்நீரைக் கொண்டால் அணைநீரில் ஒரு பகுதி வயல்களுக்குத் திரும்பும் என்பது அந்நாட்டின் திட்டம்.